இதழ் வளர்த்த இராமன்



பெருமக்களின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்கள் பெற்ற பரிசுகளையே நாம் முதலில் நினைவில் கொள்கிறோம். சர் சி. வி. இராமன் என்றதும் நோபெல் பரிசு என்கிறோம். இராமன் விளைவு என்கிறோம். கடல் ஏன் நீலம் என்ற கதையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். நானும் பள்ளிப் பருவம் முதல் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஒரு பேச்சுப் போட்டியில் அதைச் சொல்லி எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பரிசாகப் பெற்றதும் உண்டு. ஆனால் அப்பெருமகனாரின் வாழ்வில் மேடைகளில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. அவர் ஆராய்ச்சி இதழ்களை வளர்த்தவர். தம் வாழ்நாளில் சரிபாதிக்கு மேல் பிறருடைய கட்டுரைகளைப் படித்து அச்சேற்றும் பணிக்கும் இடம் கொடுத்தவர். அந்தப் பகுதியைத் தேடிப் படிக்கும் நிலை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பெருமை தரும் செய்தி அன்று.

எனக்கு வந்த கடிதம்

சென்ற ஆண்டு என் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்பினேன். இதழின் பெயர் இங்கே வேண்டா. அவர்களாகவே எனக்கு மின்னஞ்சல் விடுத்து, என்னைப் பேரறிஞர் என்று விளித்துக் கட்டுரை கேட்டிருந்தார்கள். இளங்கலை முடித்து ஆராய்ச்சியில் கால் வைத்து இரண்டு ஆண்டுகூட ஆகாத என்னைப் பேரறிஞர் என்றபோதே எனக்கு ஐயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, புகழ் இனித்தது. அனுப்பிய இரண்டாம் நாளே பதில் வந்தது. மதிப்பீட்டாளர் இருவர் கட்டுரையை மிகவும் பாராட்டியிருப்பதாகவும், 12,000 ரூபாய் கட்டினால் அந்த வாரமே வெளியாகும் என்றும் எழுதியிருந்தார்கள். விடுதித் தோழர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். ஊருக்குச் செய்தி சொன்னேன். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து அனுப்பி வைத்தார்கள்.

அன்றிரவு அக்கட்டுரையை ஆசையோடு மீண்டும் ஒரு முறை படித்தேன். மூன்றாம் பக்கத்துச் சமன்பாடு ஒன்றில், கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி இருந்தது. தட்டச்சுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. கணக்கிலேயே நான் செய்த தவறு அது. அதனால் அதற்குப் பின் வந்த இரண்டு வரைபடங்களும் தவறாகிவிட்டன. இருவர் படித்துப் பாராட்டிய கட்டுரையில் இருவர் கண்ணுக்கும் இந்தப் பிழை படாமற் போனது எப்படி? எவரும் படிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மறுநாள், பணத்தைக் கட்டிவிடலாமா, கூடாதா என்ற குழப்பத்தோடு மேக்ரி சர்க்கிளில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தேன். பிழையைச் சொல்லாமல் பணத்தைக் கட்டினால் கேட்பார் இல்லை. என் பெயரில் ஒரு கட்டுரை இருக்கும். நடந்து நடந்து சி. வி. இராமன் அவென்யூவை அடைந்தேன். அங்கேதான் இராமன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இந்திய விஞ்ஞான அகாடெமியும் இருக்கிறது. மரங்கள் அடர்ந்த அந்த வளாகத்தின் வாயிலில், இதழ்கள் என்ற சொல்லைப் பலகையில் கண்டு நின்றேன். அன்று தொடங்கிய படிப்பின் பயன் இக்கட்டுரை.

மாணவர் எழுதிய முதற் கட்டுரை

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கச் சென்றதால் சிறுவனின் இளமைக் கல்வியும் அங்கேயே அமைந்தது. 11-ஆம் வயதில் மெட்ரிக்குலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-இல் பி. ஏ. பட்டத்தை முதல் மாணவராகப் பெற்றார். 1907-இல் எம். ஏ. முடித்தார்.

எம். ஏ. மாணவராக இருந்தபோதே நீண்ட சதுரத் துளை ஒன்றின் வழியே ஒளி சாய்வாகச் செல்லும்போது தோன்றும் பட்டைகள் இருபுறமும் ஒத்திராமல் இருப்பதைக் கண்டு ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பேராசிரியர் ஜோன்ஸ் என்பவரிடம் கருத்துக் கேட்டுக் கொடுத்தார். மாதங்கள் சென்றன, கருத்து ஒன்றும் வரவில்லை. இராமன் தாமே அதை இலண்டனிலிருந்து வெளிவரும் ‘பிலசாபிகல் மாகசின்’ இதழுக்கு அனுப்பினார். 1906-ஆம் ஆண்டு நவம்பரில் அது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியவை இரண்டு. கட்டுரையின் கீழ் இருந்தது ஒரே பெயர். வேலை செய்தவர் பெயர். அறைக்குப் பொறுப்பானவர், துறைக்குத் தலைவர் என்பதற்காக வேறு எவர் பெயரும் அதில் இடம்பெறவில்லை. மற்றொன்று, எங்கோ தமிழ்நாட்டில் இருந்த பெயர் தெரியாத மாணவன் ஒருவன் அனுப்பியதை அந்த இதழ் பெயர் பாராமல் பொருள் பார்த்து ஏற்றது. அவருடன் கடிதம் எழுதிக்கொண்ட ராலே பிரபுவே இவரை ஒரு பேராசிரியர் என்று எண்ணினாராம். ஒரு நல்ல இதழ் எழுதியவரின் வயதையும் ஊரையும் எடை போடுவதில்லை என்பதை இராமன் அந்த வயதிலேயே கண்டார். பின்னாளில் தாம் இதழாசிரியராகி இளைஞர்களின் கட்டுரைகளுக்குக் கதவு திறந்து வைத்ததற்கு இந்த அனுபவம் விதையாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கல்கத்தாவில்

அக்காலத்தில் விஞ்ஞானம் படித்தவனுக்கு நம் நாட்டில் பிழைப்பு ஏது? 1907-இல் நிதித்துறைத் தேர்வு எழுதி, லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் உதவிக் கணக்கு அதிகாரியாகப் பணி ஏற்றார். டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜார் தெரு 210-ஆம் எண் வீட்டில் ஒரு பெயர்ப் பலகையைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் அது. கருவிகள் இருந்தன, வேலை செய்வார் இல்லை. இராமன் அலுவலகம் செல்லும் முன்னும் வந்த பின்னும் அங்கேயே உழைத்தார். பத்தாண்டு இவ்வாறு உழைத்த பின் 1917-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார்.

1921-இல் ஐரோப்பா சென்று திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். வானத்தின் நீலமே கடலில் பிரதிபலிக்கிறது என்று ராலே பிரபு கூறியிருந்தார். இராமன் கப்பலின் மேல்தளத்தில் நின்று, கையிலிருந்த பட்டகத்தால் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் அப்போதும் இருந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று முடிவு கண்டு, பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் விடுத்தார். தாம் போற்றிய ஒருவரின் கருத்தையே சோதனையால் மறுத்து, அதை அனைவரும் பார்க்க வெளியிட்டார். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்கவும் கூடாது. அவரை மறுக்கும்போது சான்று இல்லாமல் மறுக்கவும் கூடாது. ஆராய்ச்சி இதழ் என்னும் மன்றத்தின் முதல் விதி இதுதான்.

1926-இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ என்ற இதழை இராமன் தொடங்கினார். நம் நாட்டு ஆராய்ச்சியாளன் தன் கண்டுபிடிப்பைச் சொல்ல எப்போதும் கடல் கடந்த இதழ்களின் வாயிலில் காத்திருப்பானேன் என்ற எண்ணம் அதற்கு அடிப்படை. இரண்டே ஆண்டுகளில் அந்த இதழுக்கு வேலை வந்துவிட்டது.

1928-ஆம் ஆண்டின் தேதிகள்

ஒளி ஒரு நீர்மத்தின் வழியே சென்று சிதறும்போது, சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. இதுவே இராமன் விளைவு. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் இது உறுதியாயிற்று. மறுநாளே செய்தி நிறுவனத்திற்கு அறிவிக்கப்பட்டது. சுமார் 60 நீர்மங்களைச் சோதித்துக் கண்ட செய்தியை இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் மார்ச் 31-ஆம் நாள் வெளியிட்டனர்.

நம் பெங்களூருக்கு இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. மார்ச் 16-ஆம் நாள் இந்நகரில் தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் தொடக்கக் கூட்டத்தில் இராமன் இக்கண்டுபிடிப்பை விரிவாக விளக்கினார். கல்கத்தா திரும்பியதும் அச்சொற்பொழிவை விரைந்து அச்சிட்டு, ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழின் கட்டுரையாக மார்ச் 31-ஆம் தேதியிட்டு வெளியிட்டார். அதன் தனிப்படிகள் உலகின் பல நாட்டு அறிஞர்களுக்கும் அஞ்சலில் சென்றன. சொந்த நாட்டில் ஒரு நல்ல இதழ் இருந்ததன் பயன் அன்று தெரிந்தது.

அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்ற இருவரும் படிகக் கல்லில் இதே விளைவைக் கண்டனர். அவர்கள் முதலில் கண்டது பிப்ரவரி 21-ஆம் நாள். கல்கத்தாவுக்கு ஒரு வாரம் முந்தியே. ஆனால் அவர்கள் இன்னும் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று காத்திருந்தார்கள். அவர்கள் கட்டுரை ஜெர்மன் இதழ் ஒன்றில் ஜூலையில்தான் வெளிவந்தது. அக்கட்டுரையில் இராமனின் வெளியீடுகளையும் அவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். தாம் தனியே கண்டதை இன்னொருவர் முன்னரே அச்சிட்டுவிட்டார் என்று தெரிந்தும் அவர் பெயரை மறைக்காத அந்த நேர்மையை நாம் வணங்க வேண்டும். 1930-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. உருசிய நாட்டார் இன்றும் இவ்விளைவை வேறு பெயரால் வழங்குகின்றனர். யார் முந்தி என்ற வழக்கில் இரு தரப்பாருக்கும் சான்றாக நிற்பவை இதழ்களில் அச்சான தேதிகளே. தேதியைத் திருத்தும் இதழோ, கட்டுரை வந்த நாளை மறைக்கும் இதழோ இருந்தால் இவ்வழக்கை எவர் தீர்ப்பார்?

கிருஷ்ணன் பெயர்

வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் இவ்வாராய்ச்சியில் இராமனின் வலக்கை போன்றவர். அவருக்கு முன் 1923-இல் கே. ஆர். இராமநாதன் இவ்வொளியின் சாயலைக் கண்டு, அது கலப்படப் பொருளின் ஒளிர்வாக இருக்கலாம் என்று கருதினார். 1928 தொடக்கத்தில் வெங்கடேசுவரன் என்ற மாணவர், அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் வந்து உழைத்து, கிளிசரினில் இதைத் தெளிவாகக் கண்டார். பின்னர்க் கிருஷ்ணன் ஒவ்வொரு நீர்மமாகச் சோதித்தார்.

பரிசை இராமனே பெற்றது முறையா என்று இன்றும் சிலர் கேட்கின்றனர். நான் தீர்ப்புச் சொல்ல வல்லவன் அல்லன். ஆனால் அச்சில் உள்ளதைச் சொல்ல முடியும். ‘நேச்சர்’ இதழின் முதல் குறிப்பில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. மே மாதம் வந்த குறிப்பிலும் இருக்கின்றன. பெங்களூர்ச் சொற்பொழிவு இராமன் பெயரில் வந்தாலும், கிருஷ்ணனின் ஒத்துழைப்பும் வெங்கடேசுவரனின் உதவியும் அதில் நன்றியோடு கூறப்பட்டுள்ளன. நோபெல் பேருரையிலும் மாணவர்களின் பங்கு பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. இருவர் நட்பும் பிற்காலத்தில் முன்போல் இருக்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் கிருஷ்ணனின் பங்கு இவ்வளவு என்று இன்று நாம் பேச முடிவதே, அன்று அவர் பெயர் அச்சில் ஏறியதனால்தான். பெயர் விடுபட்ட எத்தனை மாணவர்களைப் பற்றி நமக்குப் பேசவே வழியில்லையோ!

இதற்கு நேர் எதிரான தீமை ஒன்றும் இன்று நம்மிடையே இருக்கிறது. உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பது. நீ என் பெயரைப் போடு, நான் உன் பெயரைப் போடுகிறேன் என்று தோழர்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வதை நான் கண்டிருக்கிறேன். ஒரு முறை என்னிடமும் கேட்டார்கள். நட்பை முறிக்க மனமின்றிச் சிரித்து மழுப்பினேன். மறுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நம் தருமியின் கதையை நினைத்துப் பாருங்கள். பிறர் எழுதிக் கொடுத்த பாட்டைத் தன் பாட்டென்று பாண்டியன் அவைக்குக் கொண்டு சென்றவன் அவன். பாட்டில் குற்றம் காட்டிய நக்கீரன், எழுதியவர் இறைவனே என்று தெரிந்த பின்னும் சொன்னதை மாற்றவில்லை. கதை எப்படியிருப்பினும், அவையில் ஒரு நக்கீரனாவது இருக்க வேண்டும் என்ற ஆசை நம் முன்னோருக்கு இருந்தது. இன்றைய மதிப்பீட்டாளரின் இடம் நக்கீரனின் இடம்தான்.

பெங்களூரில் நட்ட பயிர்

1933-இல் இராமன் பெங்களூருக்கு வந்து, டாடா இன்ஸ்டிட்யூட் என்று நம்மவர் வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அதற்கு முன் ஆண்டே, 1932 ஜூலையில், ‘கரண்ட் சயின்ஸ்’ என்ற இதழ் இந்நகரில் பிறந்திருந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்ட்ரல் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் சி. ஆர். நாராயண ராவ். இராமனும் அதற்குத் துணை நின்றார்.

1934-இல் இந்திய விஞ்ஞான அகாடெமியை நிறுவினார். 65 பேர் அதன் தொடக்க உறுப்பினர். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் தொடக்க விழா நடந்தது. அந்த ஜூலை மாதத்திற்கே அகாடெமியின் நடவடிக்கைகள் என்ற ஆராய்ச்சி இதழின் முதல் பகுதி வந்துவிட்டது. கட்டடம் கட்டி, கல்வெட்டு வைத்து, பிறகு வேலையைத் தொடங்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அகாடெமி என்றால் இதழ் என்பதே அவர் கருத்து. அடுத்த ஆண்டிலிருந்து பௌதிக விஞ்ஞானங்களுக்கு ஒன்றும் உயிரியல் விஞ்ஞானங்களுக்கு ஒன்றுமாக இரண்டு பிரிவுகள் மாதந்தோறும் வெளிவந்தன. 1970-இல் மறையும் வரை 36 ஆண்டுகள் அவரே அகாடெமியின் தலைவர். இயக்குநர் பதவியை 1937-இல் விட்டார். 1948-இல் பேராசிரியர் பணியிலிருந்தும் ஓய்வு பெற்றார். இதழ்ப் பணியை மட்டும் விடவில்லை.

அவ்விதழின் பயனுக்கு ஒரு சான்று சொல்வேன். 1956-இல் பஞ்சரத்தினம் என்ற 22 வயது இளைஞர், ஒளியின் முனைவாக்கம் பற்றி அதில் ஒரு கட்டுரை எழுதினார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1984-இல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி வேறு வழியில் சென்று ஒரு பெரிய உண்மையைக் கண்டார். அதன் முன்னோடி பஞ்சரத்தினத்தின் கட்டுரையிலேயே உள்ளது என்று இராமசேஷனும் நித்தியானந்தாவும் 1986-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எடுத்துக் காட்டினர். பெர்ரி அதைப் படித்து, பஞ்சரத்தினத்தின் முதன்மையை மனமுவந்து ஒப்புக்கொண்டு எழுதினார். இன்று அவ்வுண்மை இருவர் பெயராலும் வழங்குகிறது. பஞ்சரத்தினமோ 1969-இலேயே 35-ஆம் வயதில் ஆக்ஸ்போர்டில் மறைந்துவிட்டார். அவருக்காகப் பேச அன்று இருந்தது அச்சிட்ட பக்கம் ஒன்றே. 30 ஆண்டு கழித்தும் அது பேசியது.

பஞ்சரத்தினம் இராமனின் தங்கை மகன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாமன் நடத்தும் இதழில் மருமகன் எழுதினால் ஊர் ஐயுறும். அந்த ஐயம் தவறும் அன்று. அக்கட்டுரையைக் காப்பாற்றியது உறவு அன்று. எவரும் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய சோதனை.

மதியில் ஒரு மறு

பெரியாரைப் பாராட்டும்போது குறையை விழுங்கிவிடுவது நம் மலர்களின் வழக்கம். இக்கட்டுரையின் பொருள் நேர்மை ஆதலால் அப்படிச் செய்ய என் மனம் ஒப்பவில்லை.

படிகங்களின் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பது பற்றி 1940-களில் இராமன் ஒரு புதுக் கொள்கையை வெளியிட்டார். அது மாக்ஸ் பார்ன் என்ற பேரறிஞரின் கொள்கைக்கு மாறானது. ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்த அதே பார்னை 1935-இல் பெங்களூருக்கு அழைத்து ஆதரித்தவர் இராமனே என்பது இங்கே நினைக்கத் தக்கது. இருவருக்கும் கருத்துப் போர் மூண்டது. இராமன் தரப்புக் கட்டுரைகள் வரிசை வரிசையாக அகாடெமியின் இதழில் வெளிவந்தன. எழுதுபவர் அவர், அகாடெமியின் தலைவர் அவர், எழுதிய பிறரில் பலர் அவர் மாணவர். இந்நிலையில் குற்றம் சொல்லும் நக்கீரனுக்கு எங்கே இடம்? பின்னாளில் நியூட்ரான்களைக் கொண்டு செய்த அளவீடுகள் பார்ன் பக்கமே உண்மை உள்ளது என்று காட்டின. முதுமையில் நிறமும் பார்வையும் பற்றி அவர் எழுதிய கொள்கைகளையும் விஞ்ஞான உலகம் ஏற்கவில்லை.

நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுவோர் யார் யார் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. அப்பட்டியலில் நூல் செய்தவனுக்கு இடமில்லை. தன் நூலுக்குத் தானே சான்று கூறலாகாது என்ற அந்தப் பழந்தமிழ் நெறி, இன்றைய இதழ்களின் நெறியும் ஆகும். இதழாசிரியர் தம் கட்டுரையைத் தம் இதழில் வெளியிட்டால், அதை மதிப்பிடும் பொறுப்பு முழுவதையும் பிறர் கையில் விட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பது இப்போது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. இராமனைப் போன்ற கூரிய அறிவுக்கே வெளியார் கண் ஒன்று தேவைப்பட்டது என்றால், கழித்தல் குறியைக் கூட்டல் குறியோடு குழப்பிக்கொள்ளும் என் போன்றோர் எம்மாத்திரம்!

இராமன் தவறிய இடத்திலும் அவரிடம் ஒரு சிறப்பு உண்டு. அவர் எதையும் மறைத்ததில்லை. தவறான கொள்கையையும் சான்றுகளோடு அச்சில் வைத்தார். அதனால்தான் பிறர் அதைத் தவறு என்று காட்ட முடிந்தது. தவறான கருத்தைத் திருத்திவிடலாம். இல்லாத சோதனையைச் செய்ததாக எழுதும் பொய்யும், பிறர் எழுத்தைத் திருடுவதும் வேறு வகை. அவற்றை நம்பிப் பின்வருவோர் கட்டும் வீடெல்லாம் சரியும்.

இறுதி விருப்பம்

1970-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் தம் ஆய்வுக்கூடத்திலேயே இராமன் மயங்கி வீழ்ந்தார். மருத்துவமனையில் சில நாள் இருந்தவர், தம் நிலையத்தின் மலர்ச்செடிகளுக்கு இடையே உயிர்விட விரும்பி அங்கேயே திரும்பினார். அப்போது தம்மவரிடம் அவர் கேட்டுக்கொண்டது என்ன தெரியுமா? தமக்குச் சிலை வேண்டும் என்று கேட்கவில்லை. அகாடெமியின் இதழ்களைச் சாகவிடாதீர்கள் என்று கேட்டார். ஒரு நாட்டில் விஞ்ஞானம் வேரூன்றுகிறதா இல்லையா, அதன் தரம் எப்படி என்பதைக் காட்டும் நுட்பமான அளவுகோல் அவ்விதழ்களே என்பது அவர் சொன்ன காரணம். நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார். அவர் உடல் எரிந்த இடத்தில் இன்று ஒரு மரம் நிற்கிறது.

அவர் விருப்பம் நிறைவேறிற்று. 1973-இல் பௌதிகத்திற்கென ‘பிரமாணா’ என்ற இதழை அகாடெமி தொடங்கியது. பிற துறைகளுக்கும் தனித்தனி இதழ்கள் வளர்ந்தன. ‘கரண்ட் சயின்ஸ்’ பெங்களூரிலிருந்து தொடர்ந்து வெளிவருகிறது.

ஆனால் அந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய நாட்டை அளந்தால் நாம் தலைகுனிய நேர்கிறது. 2018-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழிலேயே ஓர் ஆய்வு வெளிவந்தது. பல்கலைக் கழக மானியக் குழு ஏற்ற பட்டியலில், பல்கலைக் கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்த்த இதழ்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 88 விழுக்காடு தரமற்றவை என்று தெரிந்தது. அவ்வாண்டே மானியக் குழு 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிற்று. 2019-இல் ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு பதிப்பு நிறுவனம் ஆராய்ச்சியாளரை ஏமாற்றியது என்று கூறி, அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தத் தீர்ப்பளித்தது. எனக்கு வந்த மின்னஞ்சல் போன்றவை எத்தனை ஆயிரம் மாணவருக்குச் சென்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் கடமை

விதிகள் இல்லாமல் இல்லை. பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுக்க 2018-இல் மானியக் குழு ஒழுங்குமுறை வகுத்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே இரத்தாகும். பட்டம் பெறக் கட்டாயம் இதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற விதியை 2022-இல் அக்குழுவே நீக்கிற்று. ஏற்ற இதழ்களின் பட்டியலைத் தானே வைத்திருக்கும் முறையையும் 2025-இல் கைவிட்டது. ஆகவே எது நல்ல இதழ் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இனி நம் தலையில்தான். வேலை கேட்டுச் செல்லும் இடத்தில் கட்டுரைகளை எண்ணிப் பார்க்கும் வழக்கமோ இன்னும் மாறவில்லை.

எனவே, ஒரு மூத்த மாணவனாக அல்ல, வழுக்கி விழப்போன ஒருவனாகச் சில சொல்கிறேன். தானே வந்து புகழ்ந்து கட்டுரை கேட்கும் இதழை ஐயுறுங்கள். உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் கட்டுரைகள் அதில் வந்துள்ளனவா என்று பாருங்கள். மதிப்பீட்டாளரின் குறிப்புகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரே கட்டுரையை ஒரே காலத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். உழைத்தவர் பெயரை விடாதீர்கள். உழையாதவர் பெயரைச் சேர்க்காதீர்கள். அளவீட்டுக் குறிப்பேட்டைப் பத்திரமாக வையுங்கள். கட்டுரை வெளியான பின் பிழை கண்டால், பிறர் கண்டு சொல்லும் முன் நீங்களே இதழுக்கு எழுதுங்கள். வாய்மைக்கும் கள்ளாமைக்கும் நடுவுநிலைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் நம்மவர். இம்மூன்றும் சேர்ந்ததே இதழ் அறம் என்பேன்.

என் கட்டுரை என்னாயிற்று என்று கேட்பீர்கள். பணம் கட்டவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் உண்டு என்று மிரட்டினார்கள். நான் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். அம்மாவிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். முழுவதும் புரிந்ததோ என்னவோ, தப்பு இருக்குன்னு தெரிஞ்சும் அச்சுப் போட்டா நாலு பேரு படிச்சுக் கெட்டுப் போவாங்க, நல்ல வேளை என்ற பொருள்பட ஏதோ சொன்னார்கள். குறியைத் திருத்தி, வரைபடங்களை மீண்டும் வரைந்து, வேறொரு நல்ல இதழுக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. கூடவே இரண்டு பக்கம் குறைகள். பெயர் தெரியாத யாரோ ஒருவர் என் கட்டுரையை வரி வரியாகப் படித்திருக்கிறார்! நான் காணாத இன்னொரு பிழையையும் காட்டியிருக்கிறார். அதைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். அடுத்த மலர் வெளிவருவதற்குள் முடித்துவிடுவேன் என்று நம்புகிறேன்.

மேக்ரி சர்க்கிள் பக்கம் செல்ல நேர்ந்தால், தோழர்களே, அந்த மரத்தை ஒரு முறை சென்று பாருங்கள்.

வாழ்க இராமன் புகழ்! வளர்க நம் மன்றம்!